ஆள்காட்டியின் முட்டைகளுக்கு ஒரு குடை

ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீரைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்ட ஒரு மனிதர், பொழுது போகாமல் எங்கே போய் உட்கார்ந்தார் தெரியுமா? அணைக்கட்டின் கரையில். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீராகக் கிடக்கிற இடத்தில்.

அவர் பெயர் மாசிலாமணி. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற மறு மாதமே அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுக்கொண்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினோடு போகும். மற்ற நாட்களில் மலை அடிவாரத்து அத்திமுக்கு அணை. அவர் மனைவி கோமு தலையில் அடித்துக்கொண்டாள். பசித்தவன் போய் மிட்டாய்க் கடை வாசலில் நிற்பானா என்று கேட்டாள். குடிக்கத்தான் முடியாது, பார்க்கக்கூடவா கூடாது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

அங்கேதான் செல்வக்கனி அவரைப் பிடித்தாள்.

செல்வக்கனிக்கு முப்பத்தொன்பது வயது. மாசிலாமணிக்கு அப்போது ஐம்பத்தொன்பது. அவள் பால் சங்கத்தில் பாலின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வேலையை இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டுக் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு அணைக்கு வந்துவிடுவாள். பறவை பார்க்கிற நாலைந்து பேர் அவள் பின்னால் வருவார்கள். கரையில் ஒரு மனிதர் வாரா வாரம் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்தாள். ஐந்தாவது வாரம் பக்கத்தில் வந்து பைனாகுலரை அவர் மடியில் வைத்தாள்.

“தண்ணியப் பாக்காதிய அண்ணாச்சி. தண்ணிக்கு வந்திருக்கிறவங்களப் பாருங்க.”

அவர் பார்த்தார். பட்டுப்போன மரக்கட்டை ஒன்றின் மேல் ஒரு நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்துக் காயப் போட்டுக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க நேரம் போனதே தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான், அத்தனை நேரமும் தொண்டை வறட்சி தன் ஞாபகத்துக்கே வரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மணி நேரம் அவருக்கு வேறு யாரும் தந்ததில்லை.

அன்று முதல் அவள்தான் குரு. முதலில் கேலியாகத்தான் ‘குருவம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நாற்பது பறவைகளை அடையாளம் கண்டுகொள்வதற்குள் அந்தப் பெயரிலிருந்த கேலி போய்விட்டது.

அவள் பாடம் சொல்லும் விதம் கொஞ்சம் வில்லங்கமானது. கேட்ட கேள்விக்குப் பதில் வராது. அது என்ன பறவை என்று கேட்டால், எப்படிப் பறக்கிறது என்று திருப்பிக் கேட்பாள். பார்த்துச் சொன்னால், எதைத் தின்கிறது என்பாள். அதையும் பார்த்துச் சொன்னால், ‘அப்போ பேரு எதுக்கு?’ என்று நடந்துவிடுவாள். முப்பத்து மூன்று வருஷம் ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு, ‘மதுரை வண்டி எப்போ?’ என்றவுடன் ‘பத்து பத்து’ என்று சொல்லிப் பழகிய மனிதருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூட அவர் விட்டதில்லை.

போன வருஷம் மாசி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞன். வீட்டார் அவனுடைய உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். ஒரு சிறுநீரகம் மாசிலாமணிக்கு.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, சாயங்காலத்துக்குள் இதைக் குடித்து முடிக்க வேண்டும் என்றாள். விளையாடுகிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். கோமுவும் அழுதாள். கொடுத்தது யார் என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாது என்பது விதி என்றார்கள்.

இப்போது அவர் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தாக வேண்டும். ஒவ்வொரு டம்ளரையும் வாய்க்குக் கொண்டுபோகும்போது கை ஒரு நிமிஷம் நிற்கும். யாருக்கோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாருக்கு என்றுதான் தெரியவில்லை. நன்றி என்பது இவ்வளவு கனமான சாமான் என்று அவருக்கு அதுவரை தெரியாது. இறக்கி வைக்க இடம் கிடைக்காமல் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டே திரிந்தார்.

இந்த வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அணையில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர்தான் மிச்சம். மற்ற இடமெல்லாம் வெடித்த களிமண்ணும் கூழாங்கல்லும். ஊரில் ஒரு கல்யாணம் என்று குழுவில் மற்ற யாரும் வரவில்லை. மாசிலாமணி மட்டும் வந்தார். வாயில் மாஸ்க், கையில் கறுப்புக் குடை. புதுச் சிறுநீரகம் வைத்த உடம்பு வெயிலைத் தாங்காது, குடை வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. பறவைகளைத் தூரத்திலிருந்து மட்டும் பார்க்கலாம், எச்சம் கிடக்கும் இடத்துக்குப் போகக் கூடாது என்பதும் அவர் உத்தரவுதான்.

தோளில் ஒரு துணிப்பையும் தொங்கியது. குருவம்மா பையைப் பார்த்தாள். பத்து அடி நடப்பதற்குள் மாசிலாமணியாகவே சொல்லிவிட்டார்.

கொடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிட்டாராம். டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கையில் கிடந்த ஒருவர் பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வைத்திருந்திருக்கிறார். அதே தேதி. மோட்டார் சைக்கிளில் போன இருபத்து நான்கு வயதுப் பையன். தாய் உறுப்புதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாள் என்று போட்டோவோடு செய்தி. தாயின் பெயர் அன்னபாக்கியம். இங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் ஊர். புருஷன் இல்லை, இவன் ஒரே மகன். இட்லிக் கடை வைத்திருக்கிறாள். பையில் இருப்பது அவளுக்கு ஒரு சேலையும் இரண்டு கிலோ ஆப்பிளும். அணை வாசலுக்குப் பதினொன்றரைக்கு வருகிற பஸ்ஸில் ஏறினால் ஒன்றேகாலுக்கெல்லாம் அவள் வீட்டு வாசல்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் போகாதே என்றுதான் சொல்வார்கள். கோமுவும் போகாதே என்றாள். அவர்களுக்கென்ன தெரியும்.

“கால்ல விழுந்துட்டு வந்துருதேன் குருவம்மா. உங்க மகன் எங்கிட்ட இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னாத்தான் நான் குடிக்கிற தண்ணி உள்ள எறங்கும். நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க.”

குருவம்மா தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆள்காட்டி முட்டை போட்டிருக்கு” என்றாள். “பாத்திருக்கியளா?”

மாசிலாமணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்தம்மாவிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார்.

அணையின் காய்ந்த படுகையில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அவரை அதில் உட்கார வைத்தாள். அங்கிருந்து நூறு அடி தள்ளி வெறும் கூழாங்கல் பரப்பைக் காட்டினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலரைத் திருகித் திருகிப் பார்த்த பிறகு, கற்களுக்கு நடுவே ஒரு பறவை தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கறுத்த நெஞ்சு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டுச் சிவப்பு. ஆள்காட்டிக்குக் கூடு கட்டத் தெரியாது. வெட்டவெளியில் நாலு கல்லை ஒதுக்கிவிட்டு முட்டையிடும். ஆள் வந்தால் ஊரைக் கூட்டும், அதனால்தான் அந்தப் பெயர்.

“இந்தப் பாறையிலேருந்து பாருங்க. இதத் தாண்டிப் போவாண்டாம்” என்று சொல்லிவிட்டு, ஓடை வந்து சேரும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதாகக் குருவம்மா போனாள்.

மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. பறவைக்குத் தலைக்கு மேல் ஒரு புல் நிழல்கூட இல்லை. அலகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. தொண்டைக்குழி துடிப்பது பைனாகுலரில் நன்றாகத் தெரிந்தது.

அது அவருக்குத் தெரிந்த துடிப்பு. மூன்று வருஷம் தெரிந்த துடிப்பு.

பாவம், என்று வாய்விட்டுச் சொன்னார். தாய் வெயிலில் கருகுகிறாள், நான் குடைக்கடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன். ஒரு வருஷமாக இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த மனசுக்கு, இதோ ஓர் இடம் கிடைத்ததுபோல் இருந்தது. எழுந்து நடந்தார்.

பாதி வழியிலேயே பறவை எழுந்துவிட்டது. முதலில் குனிந்தபடி ஒரு பக்கமாக ஓடியது. பிறகு மேலே எழும்பி அணை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு அவர் தலையைச் சுற்றியது. எங்கிருந்தோ அதன் ஜோடியும் வந்து சேர்ந்துகொண்டது. மாசிலாமணி காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். கிடைத்துவிட்டது. நான்கு முட்டைகள், களிமண் நிறத்தில், மேலே மை தெளித்த மாதிரி புள்ளிகள், கூர் முனைகள் நான்கும் நடுவில் கூடியிருந்தன. அவர் தொடவில்லை. கைகூப்பினார். கண் நிறைந்துவிட்டது.

“ஒனக்குத்தான் தாயீ” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குடையைத் தாழ்த்திக் கம்பை இரண்டு கற்களுக்கு நடுவே செருகினார். நிழல் சரியாக முட்டைகளின் மேல் விழுகிறதா என்று குனிந்து பார்த்தார். விழுந்தது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு பாறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவர் உட்கார்ந்ததே இல்லை.

குருவம்மா திரும்பி வரும்போது தூரத்திலேயே குடையைப் பார்த்துவிட்டாள். நடை கொஞ்சம் வேகமானது. ஆனால் ஏசவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எத்தன மணிக்கு வச்சிய?”

“ஒம்போது பன்னெண்டு.”

“இப்ப?”

“ஒம்போது முப்பத்தொண்ணு.”

“பாருங்க” என்றாள்.

பறவை தரையிறங்கியிருந்தது. குடையை நோக்கி ஓடியது. இருபது அடி இருக்கும்போது நின்றது. தலையை மேலும் கீழும் ஆட்டியது. பின்னால் போனது. மறுபக்கமாகச் சுற்றி வந்தது. அங்கேயும் இருபது அடியில் நின்றது. பிறகு திடீரென்று பறந்து தண்ணீரோரம் போனது. வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி நனைத்தது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. மறுபடியும் அதே இருபது அடி.

அது என்ன செய்கிறது என்று மாசிலாமணி கேட்டார். முதல் தடவையாக, கேட்ட கேள்விக்குக் குருவம்மா நேராகப் பதில் சொன்னாள்.

“முட்டைக்குத் தண்ணி கொண்டு வருது. நெஞ்சு எறகை நனைச்சுட்டு வந்து மேல உக்காரும். சூடு ஆறும். இந்த வெயில்ல நாள் பூரா இதான் அதுக்கு வேலை.”

தண்ணீரைச் சுமக்கப் பாத்திரம் இல்லாமல் நெஞ்சிலேயே சுமந்து வருகிற தாய். கொண்டு வந்த தண்ணீர் முட்டைக்குப் போகாமல் வழியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறையும் போய் நனைத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் முறையும் நின்றது. அவர் பைனாகுலரை முட்டைகள் கிடந்த இடத்துக்குத் திருப்பினார். வெயில் நகர்ந்திருந்தது. நிழலும் நகர்ந்திருந்தது. நான்கில் மூன்று முட்டைகள் சுடு வெயிலில் கிடந்தன.

“நிழல்தான குருவம்மா வச்சேன்.”

“ஆமா.”

“நல்லது நெனச்சுத்தான வச்சேன்.”

“நல்லதுதான் அண்ணாச்சி. உங்களுக்கு அது நிழலு. அதுக்கு அது யாரோ ஒரு ஆளு.”

மாசிலாமணி எழுந்துவிட்டார். எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார்.

“வெரசாப் போங்க. அங்க போய் அழுதுக்கிட்டு நிக்காதிய.”

அறுபத்திரண்டு வயதில் அவர் ஓடினார். ஆள்காட்டி இரண்டும் சேர்ந்து அவரைத் திட்டாத திட்டு இல்லை. இந்த முறை முட்டைகளைப் பார்க்கவில்லை. கைகூப்பவில்லை. குடையைப் பிடுங்கினார், மடக்கினார், திரும்பி வந்தார்.

பாறையில் உட்காரப் போனவரைக் குருவம்மா விடவில்லை. இன்னும் தள்ளிப் போவோம் என்றாள். கரையோரத்துக் கருவேல மரத்தடிக்கு வந்தார்கள். இங்கிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாதே என்றார் அவர்.

“நமக்குத் தெரியாட்டி என்ன?”

காத்திருந்தார்கள். மாசிலாமணிக்குக் காத்திருப்பது புதிதல்ல. எத்தனையோ வண்டிகளுக்குக் காத்திருக்கிறார், வராத வண்டிகளுக்கும் காத்திருக்கிறார். ஆனால் நான்கு முட்டைகளுக்காக இப்படி அவர் காத்திருந்ததில்லை. வந்துவிடு தாயே, இனி ஒன்றும் செய்ய மாட்டேன், சும்மா இருப்பேன், என்று உதடு அசைந்துகொண்டே இருந்தது. தூரத்தில் ஒரு புள்ளி ஓடியது, நின்றது, ஓடியது. தண்ணீரோரம் போனது. திரும்பியது. பிறகு அசையவில்லை.

குருவம்மா பைனாகுலரை அவரிடம் கொடுத்தாள். பறவை உட்கார்ந்திருந்தது. ஈர நெஞ்சைச் சிலிர்த்துச் சிலிர்த்து முட்டைகளின் மேல் பரப்பிக்கொண்டிருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி இரண்டு நிமிஷம்.

“முட்டை தப்பிச்சிருமா?”

“அதுக்குத்தான் தெரியும். உக்காந்துட்டுல்லா.”

மாசிலாமணி மாஸ்க்கைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாருக்கென்று இல்லாமல் ஒரு தடவை தலையை ஆட்டினார். பறவை திரும்பி வந்ததற்கு அவ்வளவு நன்றியாக இருந்தது அவருக்கு.

குருவம்மா அவர் பக்கம் கையை நீட்டினாள்.

“ஒரு ஆப்பிள் குடுங்க. பசிக்கி.”

அது அந்தம்மாவுக்கு வாங்கியது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவள் துப்பட்டாவில் துடைத்துக் கடித்தாள். மென்றுகொண்டே பேசினாள்.

அவளுடைய அப்பா லாரி டிரைவர். ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற யாரையும் அவர் விட்டுவிட்டு வந்ததில்லையாம். மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போகும், இவர் நிறுத்துவார். தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை பேர் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அவர் இறந்த செய்தி பரவியதும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

“ஒரு மாசம் வீடு நெறைய ஆளு அண்ணாச்சி. எங்கெங்கயோ இருந்து வந்தாங்க. எங்கம்மை கையப் புடிச்சுக்கிட்டு, அவர் இல்லன்னா நான் இல்லன்னு அழுவாங்க. அம்மை அவங்களத் தேத்துவா. காப்பி போட்டுக் குடுப்பா. சாப்பிட்டுத்தான் போவணும்பா. எல்லாரும் நல்லவங்கதான். கனத்த எறக்கி வச்சுட்டுப் போனாங்க.”

“அம்மை?”

“அம்மைக்கு அழ நேரம் கெடைக்கல.”

மாசிலாமணி கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் மட்டும் வரவில்லையாம். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு தச்சர். இரண்டு வரியில் ஒரு கார்டு போட்டிருந்தார், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் அம்மா பெட்டியிலிருந்து அந்தக் கார்டை எடுத்து, இந்த ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாளாம். போனார்கள். அம்மா தச்சுப் பட்டறையில் ஒரு பலகை மேல் உட்கார்ந்து, அன்றைக்கு வண்டியில் அவர் உங்களிடம் என்ன பேசிக்கொண்டு வந்தார் என்று கேட்டாள். தச்சர் உளியை வைத்துவிட்டுச் சொன்னார். கண்ணை மூடாதே மூடாதே என்று வழி நெடுக அவர் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டியதைச் சொன்னார். அவர் பாட்டு சகிக்காது, அதனாலேயே முழித்துக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னார்.

“அம்மை சிரிச்சா. வாரப்ப பஸ்ல அழுதா. எறங்குற வரைக்கும் அழுதா. மறுநாளுதான் பழையபடி ஒழுங்கா ஒரு வாய் சாப்பிட்டா.”

குருவம்மா ஆப்பிள் கொட்டையைத் துப்பினாள். அன்னபாக்கியம் என்ற அம்மாள் மத்தியான வெயிலில் கதவைத் திறப்பதை மாசிலாமணி நினைத்துப் பார்த்தார். வாசலில் முன்பின் தெரியாத ஓர் ஆள், கையில் சேலையும் ஆப்பிளுமாக. அவன் தடாலென்று காலில் விழுகிறான். அழுகிறான். அவள் அவனைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அழாதீங்க ஐயா என்று சொல்ல வேண்டும். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பெற்ற மகனை வாரிக் கொடுத்துவிட்டு இதையும் அவளே செய்ய வேண்டும்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. நல்ல வேளை, என்றும் இருந்தது.

பதினொன்றரை பஸ் அணை வாசலில் திரும்பும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லக்கூடியவர் அவர். மூன்று நிமிஷம் தாமதம். நடந்தால் பிடித்துவிடலாம். கை பையின் வார்ப்பட்டைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார். பஸ் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நேரத்துக்கு வந்து காத்திருந்துவிட்டு ஒரு வண்டியைப் போக விட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொன்ன விஷயத்தை அவளிடம் சொன்னார். பெயர், ஊர் இல்லாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாமாம். அதை அவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் கொடுத்தவர் வீட்டுக்குத் தெரிவிப்பார்கள். அவர்கள் கேட்டால் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் அது அங்கேயே இருக்கும்.

“மொட்டைக் கடுதாசி மாதிரி இது என்னத்துக்குன்னு அன்னைக்கு எந்திரிச்சு வந்துட்டேன்.”

குருவம்மா சிரித்தாள். தன் தோள்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். என்ன எழுத என்று அவர் கேட்டதற்கு, அந்த நர்ஸ் கொண்டுவந்து வைத்த பாட்டிலைப் பற்றி என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், அதை எழுதுங்கள் என்றாள்.

பறவைக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதினார். அடித்து அடித்து எழுதினார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்:

‘அம்மா, மூன்று வருஷம் என்னால் தண்ணீர் குடிக்க முடியாமல் இருந்தது. இப்போது குடிக்கிறேன். ஒவ்வொரு டம்ளரையும் குடிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்துகிறேன். அந்த நிமிஷம் உங்களுடையது. பதில் எதுவும் வேண்டாம்.’

குருவம்மா வாசித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“இது நெசமா?”

அவர் யோசித்தார்.

“இல்ல.”

“அப்போ எதுக்கு?”

கடைசி வரியை அடித்தார். தாளைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நாளை காலை முதல் வண்டியில் மதுரைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சேலையைக் கோமுவிடம் கொடுத்தால் காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்வாளா என்று யோசித்தார். கேட்பாள். சொல்ல வேண்டியதுதான். உடம்பு லேசாக இருந்தது. ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதைக் கேட்காமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

“அவங்க கேக்கவே இல்லன்னா குருவம்மா? இனி எத்தன வருசம் இருந்து நான் என்ன செய்ய?”

குருவம்மா எழுந்து துணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“கேக்கது அவங்க இஷ்டம் அண்ணாச்சி. பத்து வருசம் கழிச்சுக் கேட்டாலும், ‘இருக்காரும்மா, நல்லா இருக்காரு’ன்னு ஆஸ்பத்திரில சொல்ல முடியணும்லா. அது உங்க வேல.”